வேக்போர்டு: தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கவே முடியவில்லை, எங்கே தவறுகிறது?

புதுப்பலகை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நண்பர்களோடு சேர்ந்து வேக்போர்டு (கயிறு இழுக்க, காலில் பூட்டிய பலகையில் நின்று தண்ணீர்மேல் வழுக்கும் விளையாட்டு) பழக ஆரம்பித்திருக்கிறேன், படகின் பின்னால்தான். மிதந்தபடி காத்திருப்பேன், கயிறு இறுகும், படகு இழுக்கும், ஒரு நொடி எழுகிற மாதிரி இருக்கும். அடுத்த நொடி முகம் தண்ணீரில். சில நேரம் கைப்பிடி கையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. சில நேரம் பலகை அப்படியே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும், நெஞ்சுவரை தண்ணீர் அடிக்கும், கை ஓய்ந்து விட்டுவிடுவேன்.

ஸ்கேட்போர்டு நன்றாக வரும், அதனால் சமநிலையில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. படகில் இருப்பவர்கள் "இறுக்கிப் பிடி, எழு எழு" என்று கத்துகிறார்கள். அப்படிச் செய்யச் செய்ய இன்னும் மோசமாகிறது. முன்கை இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கின்றன. தவறு எங்கே இருக்கிறது? படகுக்குப் பதில் கோபுரங்களுக்கு நடுவே ஓடும் கம்பி இழுக்கும் கேபிள் பார்க்கில் முதலில் பழகிவிட்டு வருவது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நுரைத்தடம் எழுதியது:

"எழு எழு" என்று கத்துவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு வரும் அத்தனை சிக்கலும் அந்த ஒரு சொல்லிலிருந்துதான் வருகிறது.

நீங்கள் மிதக்கும்போது பலகை கயிற்றுக்குக் குறுக்காக இருக்கிறது. படகு இழுத்ததும் பலகையின் அடிப்பரப்பு முழுவதும் தண்ணீரை முட்டுகிறது. அந்த நேரத்தில் காலை நீட்டினால் தண்ணீரை உதைத்துத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். அந்தச் சுமை முழுக்க உங்கள் விரல்களில் வந்து விழும். கைப்பிடி பிய்த்துக்கொண்டு போவது அதனால்தான். பிடியில் பலம் போதவில்லை என்று நினைக்காதீர்கள். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அந்த இழுப்பைத் தாங்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். மல்லாந்து மிதந்து, முழங்கால்களை நெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். குதிகால் பிட்டத்தை ஒட்டி இருக்கட்டும். பலகையின் மேல் விளிம்பு மட்டும் தண்ணீருக்கு வெளியே லேசாகத் தெரிந்தால் போதும். கைகளை முழங்கால்களுக்கு இருபுறமுமாக நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கக் கைப்பிடியைப் பிடியுங்கள். தோள் தளர்வாக இருக்கட்டும். கயிறு இறுகி இழுப்பு வரும்போது எதுவும் செய்யாதீர்கள். உண்மையாகவே எதுவும் செய்யாதீர்கள். முழங்கால் நெஞ்சை நோக்கி இன்னும் நெருக்கப்படும், நெருங்க விடுங்கள். குதிகாலால் தண்ணீரை எதிர்க்காமல் பாதத்தைச் சற்றுத் தளர்த்தினால் பலகை தானாகச் சாய்ந்து மேலே ஏறும். வாசற்படியில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பவரை ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிடுவது போலத்தான் இது. தூக்குபவர் படகு, நீங்கள் உட்கார்ந்திருப்பவர்.

பலகை நீர்மட்டத்துக்கு மேல் வந்து வழுக்க ஆரம்பித்ததும் காலில் அந்தப் பாரம் சட்டென்று குறையும். அதுவரை குத்தவைத்த நிலையிலேயே இருங்கள். பாரம் குறைந்ததும் முன்கால் பக்கத்து இடுப்பைக் கைப்பிடியை நோக்கிக் கொடுங்கள், பலகை தானாகப் படகைப் பார்த்துத் திரும்பும். அப்புறம் மெதுவாக எழலாம். முழுதாக நிமிர வேண்டாம், முழங்கால் மடிந்தே இருக்கட்டும்.

கையை மடக்கவே கூடாது. கைப்பிடியை நெஞ்சுக்கு இழுத்தால் ஒரு கணம் கயிறு தளரும், நீங்கள் பின்னால் சாய்வீர்கள், மறுபடி இறுகும்போது முன்னால் குப்புற விழுவீர்கள். முகம் தண்ணீரில் போகிறது என்றீர்களே, பெரும்பாலும் இதுதான் காரணம். எழுந்த பிறகும் கைப்பிடி முன் இடுப்பு உயரத்தில், தாழ்வாக இருக்க வேண்டும்.


சுக்கான் எழுதியது:

நுரைத்தடம் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பாதிப் பழியை ஓட்டுநர் ஏற்க வேண்டும். பல வருடமாகப் படகு ஓட்டி இழுக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: எழ முடியாமல் தவிக்கிற பலரும் எழ முடியாத வேகத்தில் இழுக்கப்படுகிறவர்கள்.

ஆக்ஸிலரேட்டரை ஒரே தள்ளாகத் தள்ளினால் பலகை மேலே வருவதற்கு முன்பே ஆளின் கை போய்விடும். முதலில் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலையிலேயே கயிறு முழுக்க இறுகும்வரை நகர வேண்டும். தண்ணீரில் இருப்பவர் தயார் என்று சொன்ன பிறகு, ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அவர் எழுந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்கக்காரருக்கு மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் தாராளம், சிறுவர்களுக்கு அதற்கும் குறைவாகவே போதும். தாவிக் குதிக்கிறவர்கள் 35-ஐ ஒட்டிப் போவார்கள், அதைப் பார்த்து நாமும் அப்படி ஓட்ட வேண்டியதில்லை. வேகம் கூடக் கூட விழுகிற அடி பெரிதாகும்.

கயிறும் முக்கியம். நன்றாகப் பழகியவர்கள் 20 மீட்டருக்கு மேல் விடுவார்கள். உங்களுக்கு 15 மீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. படகுக்குப் பக்கத்தில், அது பின்னால் எழுப்பும் இரண்டு அலைகளுக்கும் நடுவிலுள்ள இடம் குறுகல்தான், ஆனால் சொல்வது காதில் விழும், இழுப்பும் சற்று மேல்நோக்கி வரும். ரப்பர் மாதிரி நீளுகிற கயிறு வேண்டவே வேண்டாம். காற்றடைத்த டியூபில் ஆளை உட்காரவைத்து இழுக்கிற பழைய கயிற்றைக் கட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இழுபட்டு இழுபட்டு விடும்போது எழுகிறவருக்குச் சமநிலையே கிடைக்காது.

படகின் பக்கவாட்டில் பூம் என்ற நீட்டுக்கம்பி பொருத்த வசதி இருந்தால் முதல் நாள் அதிலேயே பழகுங்கள். அசையாத கம்பி, அலைக்கு வெளியே தெளிந்த தண்ணீர், பக்கத்திலேயே ஆள். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இன்னொன்று. ஓட்டுநர் முன்னால் பார்ப்பார். பின்னால் இருப்பவரைப் பார்க்கத் தனியாக ஒருவர் கட்டாயம் வேண்டும், அவர் வேறு எதுவும் செய்யக் கூடாது. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்துக்குக் குறுக்கே கையை வீசினால் நிறுத்து, தலையைத் தட்டினால் கரைக்குப் போகலாம். விழுந்தவர் உடனே கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறோம். கிளம்புவதற்கு முன்பு கரையிலேயே இதைப் பேசிவைத்துவிடுங்கள்.


கேபிள்காரன் எழுதியது:

கேபிள் பற்றிக் கேட்டீர்கள். என் கருத்து: பக்கத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஓடும் சிறிய கேபிள் இருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். வேகம் இயக்குபவர் கையில். நீங்கள் விழுந்த நொடியில் நிறுத்துவார், எழும்போது உங்கள் எடைக்கும் திறமைக்கும் ஏற்றபடி இழுப்பார். இழுவை மேலிருந்து வருவதால் தண்ணீரிலிருந்து உங்களைத் தூக்கியும் விடுகிறது. படகு திரும்பி வந்து, கயிறு கொடுத்து, மறுபடி இறுக்கி என்று காத்திருக்கும் நேரமும் மிச்சம். பழகுகிறவருக்கு அடுத்தடுத்துக் கிடைக்கும் வாய்ப்புதான் பெரிய விஷயம்.

ஏரியைச் சுற்றி ஐந்து ஆறு கோபுரங்களோடு ஓடும் பெரிய கேபிள் வேறு. ஜெர்மன் பொறியாளர் புரூனோ ரிக்சன் உருவாக்கிய முறை அது. ஒரே நேரத்தில் பலரை இழுத்துக்கொண்டு, மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி நிற்காமல் சுற்றும். உங்களுக்காக அது மெதுவாகாது. மேடையில் உட்கார்ந்து காத்திருக்கும்போது கைப்பிடி வெடுக்கென்று இழுக்கும். அந்த நொடியில் முழங்கால் மடிந்து, எடை பின்காலில் சற்று அதிகமாக, கை நீட்டியபடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடையை விட்டு நேராகத் தண்ணீருக்குள்தான். சமாளித்துக் கிளம்பினாலும் முதல் வளைவில் கயிறு ஒரு கணம் தளர்ந்து மறுபடி இழுக்கும், அங்கே பலர் விழுவார்கள்.

கேபிளில் ஹெல்மெட் கட்டாயம். தண்ணீருக்குள் தடைகள், சறுக்குத்தளங்கள் எல்லாம் இருக்கும். விழுந்தால் அடுத்தவர் வருவதற்குள் பாதையை விட்டு ஓரம் போய்விட வேண்டும்.


நுரைத்தடம் எழுதியது:

சிறிய கேபிள் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். பெரிய கேபிளில்தான் எனக்கு உடன்பாடில்லை. முதல் நாளே அங்கே போய், மேடையிலிருந்து வெடுக்கென்று இழுபட்டு, தோள் வலியோடு திரும்பி இந்த விளையாட்டையே விட்டவர்கள் உண்டு. பொறுமையான ஓட்டுநர் உள்ள படகு அதைவிட எவ்வளவோ மேல்.


கேபிள்காரன் எழுதியது:

அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொறுமையான ஓட்டுநர் எல்லோருக்கும் கிடைப்பதில்லையே. சுக்கான் மாதிரி ஒருவர் கிடைத்தால் படகு, இல்லாவிட்டால் சிறிய கேபிள்.


மழைத்துளி எழுதியது:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் பழக ஆசை. நீச்சல் சுமாராகத்தான் தெரியும். விழுந்தால் இரண்டு காலும் பலகையோடு பூட்டியிருக்குமே, தலைகுப்புறக் கிடந்தால் எப்படித் திரும்புவது? அதுதான் எனக்குப் பெரிய பயம்.


சுக்கான் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா, மன்னிப்பெல்லாம் எதற்கு. கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் இதை முதலில் பழகிக்கொள்ளுங்கள். குப்புற இருந்தால் காலை நீட்டிக்கொண்டு உதறாதீர்கள். முழங்கால்களை நெஞ்சுக்கு மடக்கினால் பலகை உங்களுக்குக் கீழே வரும். ஒரு கையால் பலகையின் நுனியைப் பிடித்து, அதே பக்கமாக உடம்பை உருட்டினால் மல்லாந்துவிடலாம். நாலைந்து தடவை செய்து பார்த்தால் பயம் போய்விடும்.

ஜாக்கெட் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். கடையில் இம்பாக்ட் வெஸ்ட் என்று மெல்லியதாக, அழகாகத் தொங்கும். அது அடியைத் தாங்கத்தான், எல்லாமே உங்களை மிதக்க வைக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே தைத்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 12402-5 என்று இருந்தால் 50 நியூட்டன் மிதவைத் துணை, அதுவும் நீந்தத் தெரிந்தவர்களுக்கானதுதான். நீச்சல் சுமார் என்றால் அதைவிடக் கூடுதல் மிதவை உள்ள லைஃப் ஜாக்கெட்டே போடுங்கள். கொஞ்சம் பருமனாக இருக்கும், பரவாயில்லை. அளவு சரியா என்று பார்க்கத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறி வந்தால் அது உங்களுக்குப் பெரிது.

படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் இன்ஜினை அணைத்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ப்ரொப்பெல்லர் ஒரு காரணம். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: ஓடும் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, நிறமோ மணமோ கிடையாது, படகின் பின்புறத்தில்தான் தேங்கும். பின்தளத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு போவது வேடிக்கையாகத் தெரியும், ஆனால் அதில் உயிர் போயிருக்கிறது. கயிற்றைக் கையிலோ உடம்பிலோ சுற்றிக்கொள்வதும் கூடாது.


மழைத்துளி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. முதலில் தண்ணீரில் உருண்டு பழகப் போகிறேன். காதில் தண்ணீர் போவது பற்றியும் சொல்லுங்களேன்.


கேபிள்காரன் எழுதியது:

தண்ணீர் போவதைவிட, பக்கவாட்டில் விழும்போது காதில் விழும் அறைதான் ஆபத்து. செவிப்பறை கிழியக்கூடும். காதை மூடும் தடுப்பு உள்ள நீர்விளையாட்டு ஹெல்மெட் இருக்கிறது, அதைப் போடுங்கள். சைக்கிள் ஹெல்மெட் உதவாது, தண்ணீரை வாளியாக அள்ளிக் கழுத்தை இழுக்கும். தண்ணீர் வடிய ஓட்டை உள்ளதாக, ஈஎன் 1385 முத்திரை உள்ளதாகப் பாருங்கள்.


புதுப்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். முதலில் புல்தரையில் பலகையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நண்பரைக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். கையை நீட்டி, குத்தவைத்தே இருந்தால் தானாக எழுகிறது. கையை மடக்கினால் எழவே இல்லை. வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிட்டது. அப்புறம் படகில் மெதுவாக இழுக்கச் சொன்னோம். எழுந்துவிட்டேன்! முன்கை வலியும் பாதி குறைந்துவிட்டது.

இப்போது அடுத்த சிக்கல். நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது, எந்த அறிகுறியும் இல்லாமல் யாரோ காலை வாரிவிட்ட மாதிரி தூக்கி அடிக்கிறது. சில சமயம் முன்னால், சில சமயம் பின்மண்டை படும்படி. இது ஏன்?


நுரைத்தடம் எழுதியது:

எழுந்ததற்கு வாழ்த்துகள். நீங்கள் சொல்வது விளிம்பு மாட்டுவது. பழகுகிற எல்லோரையும் இது ஒரு கட்டத்தில் அடிக்கும், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பலகை தட்டையாக வழுக்கும்போது இரண்டு விளிம்புகளும் தண்ணீர்மட்டத்தை ஒட்டியே இருக்கும். பலகை கொஞ்சம் குறுக்காகத் திரும்பி, பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்தால், போகிற திசையில் இருக்கும் விளிம்பு ஒரு விரல் கனம் அமிழ்ந்தால் போதும், தண்ணீர் அதைக் கவ்விக்கொள்ளும். பலகை நின்றுவிடும், உடம்பு நிற்காது. கால்விரல்பக்க விளிம்பு மாட்டினால் முகம் அடிபடும், குதிகால்பக்க விளிம்பு மாட்டினால் பின்மண்டை.

இதற்கு முதல் மருந்து பார்வை. பலகையைக் குனிந்து பார்க்காதீர்கள். தலை குனிந்தால் தோள் குனியும், எடை விரல்பக்கம் போகும், மாட்டிக்கொள்ளும். படகையோ அதற்கும் அப்பால் கரையையோ பாருங்கள். அடுத்தது, தட்டையாக நிற்காதீர்கள். ஏதாவது ஒரு விளிம்பில் மெல்லச் சாய்ந்தபடியே போங்கள். ஆரம்பத்தில் குதிகால்பக்கம் எளிது. ஸ்கேட்போர்டு பழகியவர்கள் நேராக, தட்டையாக நிற்கத்தான் விரும்புவார்கள், உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருக்கும். தண்ணீரில் சாய்வுதான் பாதுகாப்பு. பின்காலில் லேசாகக் கூடுதல் எடை வைத்தால் நுனி அமிழாது, பலகையின் அடியிலுள்ள ஃபின்னும் (துடுப்பு போன்ற சிறு தகடு) அதை நேராக வைத்திருக்கும்.

விழப்போகிறது என்று தெரிந்ததும் கைப்பிடியை விட்டுவிடுங்கள். காப்பாற்றப் போராடும்போதுதான் அடி பலமாகிறது. விட்டுவிட்டு உடம்பைச் சுருட்டிக்கொண்டு விழுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள்.

காலையிலோ மாலையிலோ காற்றில்லாத நேரமாகப் பாருங்கள். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தால் பாதி மாட்டல்கள் குறையும்.


புதுப்பலகை எழுதியது:

பின்காலில்தான் எனக்கு நடுக்கம். இடதுகாலை முன்னால் வைக்கச் சொன்னார்கள், அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் ஸ்கேட்போர்டில் வலதுகால்தான் முன்னால் வைப்பேன். மாற்ற வேண்டுமா?


கேபிள்காரன் எழுதியது:

கட்டாயம் மாற்றுங்கள்! இடதுகால் முன்னால் வைத்தால் ரெகுலர், வலதுகால் என்றால் கூஃபி, இரண்டும் சமம்தான். ஸ்கேட்போர்டில் எதுவோ அதுவே இங்கேயும். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள், பின்னாலிருந்து எதிர்பாராமல் லேசாகத் தள்ளச் சொன்னால் எந்தக் கால் முதலில் முன்னே போகிறதோ அதை வைத்துத் தொடங்கலாம்.

பலகையில் பூட்ஸ் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக, முன்கால் 15 டிகிரியை ஒட்டி வெளிப்பக்கம் திரும்பி, பின்கால் நேராகவோ மிகக் குறைவாக வெளியே திரும்பியோ இருந்தால் தொடங்குவதற்குப் போதும். இரண்டையும் ஒரே பக்கம் திருப்பி வைத்திருந்தால் முழங்கால் வலிக்கும். குதிகால் உள்ளே தூக்காத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், விரல் மரத்துப்போகவும் கூடாது.


புதுப்பலகை எழுதியது:

வலதுகாலை முன்னால் மாற்றியாயிற்று, வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது. குதிகால்பக்கம் சாய்ந்து அலையைத் தாண்டி வெளியே போக முடிகிறது. திரும்பி விரல்பக்கமாக உள்ளே வரும்போது பலம் இல்லை, அலையிலேயே நின்றுவிடுகிறேன். சொந்தப் பலகை வாங்கலாமா என்றும் யோசனை. இப்போது நான் ஓட்டுவது நண்பருடையது, 130 சென்டிமீட்டர். என் எடை 75 கிலோ.


நுரைத்தடம் எழுதியது:

130 உங்களுக்குச் சின்னது. உயரத்தைப் பார்க்காதீர்கள், எடைதான் கணக்கு. 75 கிலோவுக்கு 140-ஐ ஒட்டிய பலகையில் நின்று பாருங்கள். பெரிய பலகை குறைந்த வேகத்திலேயே மேலே ஏறும், தடுமாறினாலும் மன்னிக்கும். அடிவளைவு ஒரே சீராக, தொடர்ச்சியாக வளைந்ததாக இருக்கட்டும். நடுவில் தட்டையாகி இரு முனையிலும் சட்டென்று மேலேறும் மூன்று கட்ட வளைவு, அலையில் செங்குத்தாகத் தூக்கி எறியும், அது இப்போது வேண்டாம். வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று பலகைகளை இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

பலகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த விளையாட்டின் தொடக்கமே சாட்சி. 1985-இல் டோனி ஃபின் கொண்டுவந்த ஸ்கர்ஃபர் அதிகம் மிதக்கும் பலகை, தண்ணீருக்குள் அதை அமிழ்த்திக் கட்டுக்குள் வைத்து எழுவதே பெரும்பாடு. 1990-இல் ஹெர்ப் ஓ'பிரையன், மிதக்கவும் செய்யாமல் மூழ்கவும் செய்யாமல் நடுவில் நிற்கும் ஹைப்பர்லைட் பலகையைக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண ஆட்களால் ஆழத்தண்ணீரிலிருந்து எளிதாக எழ முடிந்தது.

விரல்பக்கத்துக்கு வருவோம். நீங்கள் இடுப்பில் மடங்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி நின்றால் எடை குதிகாலுக்கே திரும்பிவிடும், விளிம்பு பிடிக்காது. இடுப்பைக் கைப்பிடிக்குக் கொண்டுபோங்கள். கணுக்கால் மடிந்து, கால்முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்துவது தெரிய வேண்டும். முதுகு நேராக இருக்கட்டும். கைப்பிடி முன் இடுப்பை விட்டு விலகக் கூடாது, விலகினால் தோள் படகுப்பக்கம் திரும்பிப் பலகை தட்டையாகிவிடும். அலைக்கு அருகில் வந்ததும் பயத்தில் சாய்வை விட்டுவிடுவார்கள், நீங்கள் நின்றுபோவது அங்கேதான். முழங்காலை மடித்து, அதே சாய்வோடு அலையைக் கடந்து மறுபக்கம் போகும்வரை விடாதீர்கள்.


சுக்கான் எழுதியது:

நீங்கள் அலையைக் கடக்கிற நேரத்தில் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று உங்கள் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அப்புறம், கை சோர்ந்துவிட்டது என்று தோன்றினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று போகும்போதுதான் தோளும் முழங்காலும் அடிபடுகின்றன.


புதுப்பலகை எழுதியது:

கணுக்கால் விஷயத்தை இன்று தரையிலேயே செய்து பார்த்தேன், இத்தனை நாள் இடுப்பில்தான் மடங்கியிருக்கிறேன். 140 பலகை ஒன்று இரவல் கிடைக்கும் போல இருக்கிறது. கிடைத்ததும் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.